இரண்டு சைஸ் பெரிய சீட்

ஞாயிறு, இரவு

என் மூன்று வயது மகளுக்கு மாமனார் ஆசையாக வாங்கிவந்த கார் சீட்டை இன்று எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றேன். அது பெரிய பிள்ளைகளுக்கான பூஸ்டர் சீட்; தனி வார் கிடையாது, கார் பெல்ட்டையே போட வேண்டும். அவளை உட்காரவைத்தால் அந்த பெல்ட் கழுத்தில் ஏறி நிற்கிறது.

"வளர்ற புள்ள மாப்ள. சட்டையே ரெண்டு சைசு பெருசாத்தான எடுக்குறோம்?" என்றார்.

"சட்டைன்னா கைய மடிச்சு விடலாம் மாமா. பெல்ட்ட எங்கிட்டு மடிக்கிறது?"

அவரை ஊரில் விடத்தான் கிளம்பியிருந்தோம். "ஆலங்குடி வரைக்கும்தானங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"ஆலங்குடி ரோட்டுல லாரி ஓடாதா?"

அவள் இதுவரை உட்கார்ந்த பழைய சீட் சின்னதாகிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அதன் தோள் வாரை ஒரு துளை மேலே ஏற்றினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை.

"நீங்க ஓட்டுங்க மாப்ள, நான் பஸ்ல போயிக்கிறேன்."

போய்விட்டார். மனைவி இன்னும் என்னிடம் பேசவில்லை.

காலையில் போன் பண்ணி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்பேன். மகள் வளர்ந்ததும் அவர் வாங்கியதையே போடுவேன் என்றும் சொல்வேன். மன்னிப்பு மட்டும் கேட்பதாக இல்லை.