நல்லா குடு சாமி

நீ கேட்டது நியாயம்தான் கண்ணு, நானும் இதையேதான் சாமிகிட்ட தினம் கேட்டுக்கிட்டிருந்தேன். இரு, முதல்ல நலம் சொல்லிடறேன். இங்க நானும் பெரியப்பாவும் முட்டி வலியத் தவிர மத்த எல்லாத்துலயும் சௌக்கியம், அங்க நீ வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமா இருக்கணும்னுதான் என் கும்பிடு. நீ செஞ்ச வேலைய உன் மேனேஜர் தன் வேலைன்னு காட்டிப் பதவி உயர்வு வாங்கிட்டான், சாமிக்கு நியாயமே தெரியாதா, வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு எழுதியிருந்தே. படிச்சதும் வயிறு எரிஞ்சுது. அவசரப்படாத, இங்க நடந்த கூத்தக் கேளு.

நம்ம தையல் கடைக்கு எதிர்ல கடை போட்டிருக்கானே அரை இஞ்சு, அதான், யார் துணி குடுத்தாலும் அரை இஞ்சு அரை இஞ்சா வெட்டி ஒதுக்கிக்கிறவன், அவன் உன் பெரியப்பாவுக்குக் கண்ணு தெரியல, சட்டைக் கையக் கால்சட்டையில வச்சுத் தைக்கிறாருன்னு தெரு பூரா சொல்லி நம்மகிட்ட வர்றவங்கள இழுத்துக்கிட்டான்ல, அன்னையிலிருந்து காலையில குளிச்சதும் எனக்கு ஒரே வேண்டுதல்தான், சாமி, அந்த எதிர்க்கடைக்காரனுக்கு நல்லா குடுன்னு. அவன் என்னடான்னா மாடி கட்டினான், கார் வாங்கினான், அந்தக் காரையும் நம்ம கடை வாசல மறைச்சுத்தான் நிறுத்தறான். போன வாரம் பொறுக்க முடியாம, இத்தன நாளா நல்லா குடு நல்லா குடுன்னு கேட்டும் சாமி காதுல விழலையேன்னு பெரியப்பாகிட்ட புலம்பினேன். அவர் வாயில கடிச்சிருந்த குண்டூசியெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வச்சிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு பாரு, நிறுத்தவே இல்ல. அடியே, நீ கேட்டதத்தானேடி அவர் நல்லா குடுத்துக்கிட்டிருக்காருன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, அப்புறம் நானும் சிரிச்சுச் சிரிச்சு மெஷின் மேலயே சாஞ்சுட்டேன்.

இன்னொரு வேடிக்கை. அரை இஞ்சு திருடித் தைச்ச சட்டை யாருக்கு நுழையும்? போட்டவங்கல்லாம் மூச்சப் பிடிச்சுக்கிட்டே தெருவக் கடந்து நம்மகிட்ட வராங்க, பெரியப்பா சட்டையோட ரெண்டு பக்கமும் துணிப் பட்டி வச்சுத் தைச்சுக் குடுத்து மூச்சு விட வைக்கிறாரு. அவனுக்கு எவ்வளவு கூட்டமோ அவ்வளவு நமக்கும், எனக்குப் புது மெஷின்கூட வந்தாச்சு. அதனால சாமிக்கு நியாயம் தெரியலன்னு மட்டும் சொல்லாத, அவர் காது நல்லாத்தான் இருக்கு, என் வாய்தான் சரியில்ல. இப்பல்லாம் அவனுக்குப் புத்தியக் குடுன்னு கேக்கறேன், அதுலயும் நல்ல புத்தின்னு அழுத்திச் சொல்றேன், இருக்கிற புத்தியே ஜாஸ்தியாயிட்டா என்ன பண்றது. நீ வேலைய விட்டுடாதம்மா. அடுத்த தடவ எல்லாரும் கூடியிருக்கையில எழுந்து நின்னு இது நான் செஞ்சதுன்னு வாய்விட்டுச் சொல்லு, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு வாய்க்கா பஞ்சம். உன் கை பட்டதெல்லாம் துலங்கணும், மனசு குளிர்ந்து கிடக்கணும். ஈரத் தலையோட தூங்காத, சொல்லிட்டேன்.

உன்ன வளர்த்த
பெரியம்மா

ஐயையோ, இப்பத்தான் ஞாபகம் வருது. அந்த மேனேஜரப் பத்தி நீ முதல் தடவ போன்ல அழுதியே, மறுநாள் காலையில அவனுக்கும் சேர்த்து நல்லா குடு சாமின்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு.