ஒருத்தி ஓடினாலும் பந்தயம்தான்

காலையில் மூக்குக் கண்ணாடியைத் தேடி அலமாரியைத் திறந்தேன். கண்ணாடி கிடைப்பதற்குள் தைல வாசம் வந்துவிட்டது. கீழ்த்தட்டில் உன் கிளாப்பர். கீல் வைத்துச் சேர்த்த இரண்டு பலகை, அவ்வளவுதான். காயத்துக்குப் போடும் தைலமும் பஞ்சும் இருந்த பையிலேயே அதையும் வைத்திருந்தாய். உன்னைப் பெட்டியில் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பி ஓராண்டு ஆகப்போகிறது. பலகை இன்னும் மணக்கிறது.

துபாயில் கிளை வைத்திருந்த நம் ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து தடகளக் கூட்டமைப்பு தொடங்கியபோது, விளையாட்டு ஆசிரியையாக இருந்த உன்னைச் செயலாளராக்கினார்கள். பெரிய பதவி என்று நான் இனிப்போடு வந்தேன். நோன்பும் பரீட்சையும் வெயிலும் குறுக்கே வராத ஒரு சனிக்கிழமையைத் தேடுவது, மைதானம் பிடிப்பது, ஆம்புலன்சுக்குச் சொல்வது, தோற்ற கல்லூரிக்காரர்களிடம் திட்டு வாங்குவது, இதுதான் உன் பதவி. துப்பாக்கி வெடிக்க அனுமதிக்கு அலைய நேரமில்லை என்று பலகையை அடித்தே பந்தயங்களைத் தொடங்கினாய். இயற்பியல் டீச்சர் என்பதற்காக என் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்தாய்.

ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் தொடங்கும். நான் இந்தப் பக்கம், முடிவுக்கோட்டில். முதல் பந்தயம் முடிந்ததும் கேட்டாய்.

"எப்ப அமுக்குன?"

"சத்தம் கேட்டதும்."

"ஏட்டி, நீ பிசிக்ஸ் டீச்சர்தானா? மின்னல் முந்துமா, இடி முந்துமா? பலக சேருறதப் பாத்து அமுக்கு. டைம் பாக்கவளுக்குக் கண்ணு போதும், காது எதுக்கு?"

வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொன்ன அதே உதாரணம். அன்று எனக்கே திரும்பி வந்தது.

அந்த ஒற்றைப் பெண்ணின் ஆண்டை நீ மறந்திருக்க மாட்டாய். பெண்கள் ஐயாயிரம் மீட்டருக்கு ஒருத்திதான் பெயர் கொடுத்திருந்தாள். மூன்று பேராவது இல்லையென்றால் பந்தயம் இல்லை என்பது விதி. ஓராண்டு நின்றால் போட்டி நிரலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பெண்களுக்கு மிச்சமிருந்த நெடுந்தூர ஓட்டம் அது ஒன்றுதான். கூட்டமைப்பின் தலைவர் பந்தல் நிழலில் சாய்ந்துகொண்டு சமாதானம் பேசினார்.

"ஒரு பொண்ணு ஓடுறத யாரு மேடம் பாப்பாங்க? மெடல கையில குடுத்து ஒரு போட்டோ எடுத்துருவோம். கலாஸ், முடிஞ்சுது."

"ஓடாம குடுக்கதுக்கு அது என்ன கல்யாண வீட்டுத் தாம்பூலமா, சார்?"

"ரூல் இருக்குல்ல?"

"ரூல மீறுனது நான்னு எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். நீ பலகையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாய். தனியாகவா ஓடுவது என்று அந்தப் பெண் தயங்கினாளாம். "டீச்சர் கையில வாட்ச் இருக்குல்லா, அதுகூட ஓடு" என்றாயாம். அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். அந்தப் பக்கம் பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசை நின்றது. யாரும் எழுந்து கைதட்டவில்லை. கடைசிச் சுற்றுக்கு நீ என் பக்கம் வந்து, பத்துப் பேர் ஓடுவது போல மணியை அடித்தாய்.

அடுத்த ஆண்டு செயலாளர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஓட்டம் மட்டும் நிரலில் இருந்தது. நான்கு பெண்கள் ஓடினார்கள். நீ பலகையோடு தொண்டராக வந்தாய். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "நாற்காலி போனா என்ன, நின்னுதான அடிக்கணும்" என்றாய்.

இன்று காலை, உன் பலகை கையிலிருக்கும்போதே இப்போதைய செயலாளர் அழைத்தார். நல்ல பையன்தான்.

"ஆன்ட்டி, விமன்ஸ் ஃபைவ் தவுசண்ட்ல இந்த வருஷம் ரெண்டே பேரு. டிராப் பண்றோம். டைமிங்குக்கும் கேமரா வந்துருச்சு, நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ஒருத்தி ஓடியே பாத்திருக்கேன் தம்பி. ரெண்டு பேருன்னா கூட்டம்."

அவருக்கு ஓர் உதாரணமும் சொன்னேன். பேருந்தில் ஒரே ஒரு ஆள் ஏறினாலும் ஓட்டுநர் வண்டியை எடுத்தாக வேண்டும். ஆள் சேரட்டும் என்று நிறுத்தி வைத்தால், நாளைக்கு அந்த நிறுத்தத்தில் யாருமே வந்து நிற்க மாட்டார்கள். அவர் சிரித்தார். முடிவில் மாற்றமில்லை என்றார்.

என் முடிவிலும் மாற்றமில்லை. அன்று தனியாக ஓடியவள் இப்போது ஷார்ஜாவில் விளையாட்டு ஆசிரியை. அவளோடு பேசிவிட்டேன். சனிக்கிழமை உன் பலகையை அவள் அடிப்பாள். இரண்டு பெண்களிடமும் ஷூ மாட்டிக்கொண்டு வரச் சொல்லியாயிற்று. மெடல் தராவிட்டால் போகட்டும். ஓடிய நேரத்தை நான் எழுதிக் கொடுப்பேன்.

செயலாளர் மறுபடி அழைத்து ஏதோ சொன்னார். கோபமாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை.

அதனால் என்ன? கண்ணாடி கிடைத்துவிட்டது.