எட்டுக் கொம்பு ரவுட்டர்

ஹியாம்,

புது ரவுட்டரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகிறேன், திருப்பிக் கொடுக்க. நேற்று நான் குப்பையில் போட்ட பழையதைத் துடைத்து மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் பூண்டு வாசம் அடிக்கும்.

கடையில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "கரண்ட் போனா நம்ம குட்டி பேட்டரியில இது ஓடுமா?" நான் கடைக்காரர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "எட்டு ஆன்டெனா இருக்கு, பேட்டரியப் போய் பேசிக்கிட்டு" என்றேன். பெய்ரூட்டில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா அது? காலையில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் எட்டுக் கொம்பும் படுத்துவிட்டது. அதன் பசிக்கு நம் பேட்டரி எந்த மூலைக்கு?

நான்கு மணிக்கு ஆன்லைனில் உன் வேலை நேர்காணல். ஜெனரேட்டர்காரர் அபு ஃபாதி லைனை மாற்றிப் போட, கரண்ட் போவதும் அதே நேரத்தில்தான். பயப்படாதே. பழையதை அந்தப் பேட்டரியில் மாட்டி, மெயினை அணைத்துப் பார்த்தேன்; ஒரு நொடிகூட அணையவில்லை. ஆனால் நீ கூடத்திலேயே உட்கார். படுக்கையறைச் சுவரை அதன் சிக்னல் தாண்டாது.

பருப்பும் அரிசியும் போட்ட முஜத்தரா அடுப்பில் இருக்கிறது. வெங்காயம் கருகியதும் என் கைவண்ணம்தான்.

கஸ்ஸான்

மேல்வீட்டு நிக்கோலா புது ரவுட்டரைப் பார்க்க வருவான். நான்தான் பெருமையடித்துக் கூப்பிட்டேன். ஏதாவது சொல்லி அனுப்பிவிடு.

இன்னொன்று. "சொன்னா கேக்காத ஆளோட வேலை பார்த்திருக்கீங்களா?" என்று நேர்காணலில் கேட்டால் தயங்காதே. இருபது வருட அனுபவம் என்று சொல்.