டொனிபானே கராசி பலகையும் நான்கு திருகாணிகளும்

அனுப்புநர்:
திருமதி கஷூஷா இதுர்பிடே (கணவர் அமரர் பத்தித்தா),
எலிசகரை இல்லம், டொனிபானே கராசி.

பெறுநர்:
சாலைப் பலகைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
சாலைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: என் வீட்டு மதிலோரம் நின்ற ஊர்ப்பெயர்ப் பலகை காணாமற்போனது பற்றி 8.10.2019 அன்று நான் அளித்த புகாரின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திங்கட்கிழமை, ஊரே சந்தையில் இருந்த வேளையில், இரண்டு பலகைகளில் மேலே உள்ள பிரெஞ்சுப் பெயரை விட்டுவிட்டு, கீழே நம் பாஸ்க் மொழிப் பெயர் எழுதிய பலகையை மட்டும் யாரோ கழற்றிச் சென்றதைத் தாங்கள் அறிவீர்கள். பலகையைவிட என்னை வியக்கவைத்தது வேறொன்று. அதன் நான்கு திருகாணிகளும் ஒரு கைக்குட்டையில் முடிந்து மதில்மேல் வைக்கப்பட்டிருந்தன. எந்தத் திருடன் இப்படிச் செய்வான்?

2. காப்பிக்கடையில் இதைக் கேட்டேன். கசாப்புக்கடை ஷல்பத், "நம்ம பேரு கண்ணை உறுத்துற எவனோதாம்மா செஞ்சிருப்பான்" என்றார். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "அடப் போய்யா, அந்தக் காலத்துல பிரெஞ்சுப் பேரு மேல தாரு பூசினது நீதானே? இப்ப நம்ம பேருன்னதும் கோவம் வருதா உனக்கு?" கைக்குட்டையைப் பற்றி இருவருக்கும் அக்கறை இல்லை. சண்டையிலேயே மும்முரமாக இருந்தார்கள்.

3. என் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் பிதார்தியா இல்லத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நாங்கள் முதல் அண்டைவீடு. அங்கே பிறப்பென்றால் ஊருக்குச் சொல்வதும், இறப்பென்றால் சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவை தூக்குவதும் எங்கள் கடமை. அது ஆளுக்கு உரியதன்று, வீட்டுக்கு உரியது. கதவு பூட்டியிருந்தாலும் மாறாது. அவ்வீட்டுப் பியாரெஸ் பத்தொன்பது வயதில் ஆடு மேய்க்க அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய மகள் லூயிசா ஞாயிறன்று வந்து சாவி வாங்கினாள். நேற்று அதைத் திருப்பித் தர வந்தபோது, படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று அவள் கையில் இருந்தது. "அது என்ன?" என்றேன். அறுபது வயதுப் பெண் என் வாசலில் நின்று குழந்தையைப் போல அழுதாள்.

4. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எலிசகரை அம்மா, அப்பா இந்தக் குளிரைத் தாண்டமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்கிலீசு மொத்தமும் மறந்துபோச்சு. ஊருப் பேரை இப்ப ரோட்டுல எழுதி வச்சிருக்காங்கப்பான்னு படம் காட்டினா, 'போடி, படத்துல என்ன வேணா எழுதலாம். பள்ளிக்கூடத்துல அந்தப் பேரைச் சொன்னதுக்கே அடி வாங்கினவன் நானு. பலகை இருந்தா கொண்டா, தொட்டுப் பாக்கறேன்'ங்கறாரு." அவர் மிகைப்படுத்தவில்லை, ஐயா. அதே பெயரைச் சொன்னதற்காகக் கன்னியர் மடப் பள்ளியில் நானும் முழந்தாளிட்டிருக்கிறேன்.

5. இவ்வழியே போகும் யாத்திரிகர்களுக்கு நினைவுப்பொருள் விற்கும் கடையில் இதுபோல ஒன்று வாங்கிக்கொள் என்றேன். "தடவிப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருவாரு, அம்மா. வெயில் மழை பட்டது வேணும்" என்றாள். அதன் பிறகு பலகையை நானே தடவிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் அதைக் கடந்து நடந்தும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. புறா வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சன்னங்கள் பட்ட பள்ளங்கள் விரலில் இடறின. அவற்றைப் பற்றித் தங்களுக்கு இருமுறை புகார் எழுதியிருக்கிறேன். அப்புகார்களை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஊர்ப் பலகையையே சுடுகிறவர்கள் நம்மவர்கள்தாம் என்பது பியாரெசுக்குத் தெரியும்; இது அசல் பலகை என்பதற்கு அந்தப் பள்ளங்களே அவருக்குச் சான்று.

6. திருட்டு திருட்டுதான். லூயிசாவிடமும் அதையே சொன்னேன். எனவே பொட்டலத்தை வாங்கி என் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அவள் சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள். அதற்குள் இந்தப் பழைய பலகையை அவளுக்கு அளிப்பதாகத் தங்கள் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும், மதிலோரம் நிறுத்தப் புதிய பலகை ஒன்றும் தந்துதவ வேண்டுகிறேன். வழக்குத் தொடுப்பதாயின், அது எலிசகரை இல்லத்தின் பெயரில் வரட்டும். பிதார்தியாவின் இறுதிக் காரியம் எங்கள் பொறுப்பு.

7. தர இயலாதெனில், தாங்களே நேரில் வந்து பலகையை எடுத்துச் செல்லலாம். கதவு திறந்திருக்கும். ஆனால் அதை மேசையிலிருந்து தூக்குமுன், என் வீட்டுத் தொலைபேசியில் பியாரெசை அழைத்து, அவருடைய ஊருக்கு அப்படியொரு பலகை இல்லை என்று தங்கள் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணைத் தொலைபேசி அருகே எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கஷூஷா இதுர்பிடே

இடம்: டொனிபானே கராசி
நாள்: 10.10.2019

இணைப்பு: திருகாணிகள் நான்கு. இவை அரசின் உடைமை, புதிய பலகைக்கு உதவும். கைக்குட்டையை மட்டும் துவைத்து, தேய்த்து, உரியவளிடம் சேர்த்துவிட்டேன்.