ஜெசிகாவின் வலிக்குக் காரணம் தேடி

சாந்தோம்,
ஞாயிறு பிற்பகல்.

என் அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

ஆண்டவர் காவலில் நானும் ஜெசிகாவும் இங்கே இருக்கிறோம். மஸ்கட்டில் உனக்கும் அந்தக் காவல் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் வார்டில் உன்னோடு நர்ஸாக இருக்கும் சுலோச்சனா லீவு முடிந்து நாளை கிளம்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள். உன்னையும் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இது பாதியில் விடக்கூடிய விஷயம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. ஜெசிகா இப்போது கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.

மழை தொடங்கிய சமயம், தி.நகர் துணிக்கடையில் பில்லிங் வேலைக்கு அவள் சேர்ந்த புதிது. ஒருநாள் காலையில் பஸ் மயிலாப்பூர் லஸ் முனையைத் தாண்டியதும் மயங்கி விழுந்தாள். பக்கத்தில் நின்ற ஸ்நேஹா என்ற காலேஜ் பெண் அவளை இறக்கி, மருந்துக்கடை வாசலில் உட்காரவைத்து எனக்குப் போன் செய்தாள். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். நம் பிள்ளை முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். என்னம்மா என்றால், ஒன்றுமில்லை, கேஸ் என்றாள். அந்த ஸ்நேஹாதான் பட்டென்று, "அங்கிள், கேஸ் எல்லாம் இல்ல. பீரியட்ஸ் வலி. வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணி பை வெச்சுவிடுங்க" என்றாள். மாதாமாதம் இப்படித்தானாம், வாந்தியும் இடுப்புவலியும் வேறு. உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று உனக்கும் மறைத்திருக்கிறாள்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கெமிஸ்ட்ரி நடத்தியவன். ஒன்று ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மெதுவாகக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் இரண்டு பேருக்குமே கூச்சம். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பதில் சொல்வாள். காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறாள். மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு ஒரு பஃப்ஸ், ஒரு டீ. பாத்ரூம் மேல்மாடியில் இருக்கிறது, கவுண்டரை விட்டுப் போனால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் கண் எரியும்வரை போன்.

இதற்கும் வலிக்கும் தொடர்பு இருக்குமா? இருந்தால் எதற்கு எவ்வளவு? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "டாடி, நான் இன்னா உங்க லேப்ல கீற டெஸ்ட் ட்யூபா?" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். அவள் செய்வதையெல்லாம் நானும் செய்ய வேண்டுமாம்.

அதனால் உன் கணவன் இப்போது காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறான். சாயந்திரம் இரண்டு பேரும் கோயிலுக்குப் பின்னால் இறங்கி, மணலில் கலங்கரை விளக்கம் வரை நடக்கிறோம். வலை பிரிக்கும் அண்ணன்மார்கள் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். கடையில் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஜெசிகா மேனேஜரிடமே பேசினாள். இப்போது முறை போட்டு எழுந்து போக விடுகிறார்கள். மாதங்கள் போகப்போக வாந்தி நின்றது, இடுப்புவலி குறைந்தது. காலைச் சாப்பாடும் நடையும்தான் நன்றாக உதவின என்று அவளே சொன்னாள். டீயை நிறுத்தியதில் எனக்குத் தலைவலி வந்ததைத் தவிர ஒரு மாற்றமும் தெரியவில்லை. டீயை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கை லிண்டா வந்தவள், "பாத்தியாண்ணா? இந்தக் காலத்துப் பொண்ணுங்க நூடுல்ஸத் துன்னுக்கினு, போன நோண்டிக்கினு, தானா இழுத்துக்கிற வலி இது" என்றாள். ஜெசிகா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேன் டாடி" என்ற ஒரே பதில்தான்.

போன மாதம் ஒரு காலை, பாத்ரூம் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. தட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் திறந்தாள். ஈரத் தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க சொன்னது எல்லாம் செஞ்சேன் டாடி. அப்பவும் ஒரு பக்கம் கத்தி வெச்ச மாதிரி வலிக்குது. இன்னும் நான் இன்னா தப்பு பண்றேன்?"

நான் காரணத்தைத் தேடினேன். பிள்ளையோ தன்னிடம் குற்றத்தைத் தேடியிருக்கிறாள்.

அன்றே மயிலாப்பூரில் டாக்டர் ஜலஜாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பைக்குள் இருக்கும் சவ்வு போன்ற ஒன்று வெளியிலும் வளர்கிறதாம். வலது சினைப்பையில் ஒரு கட்டி. உனக்கு இதன் பெயர் தெரிந்திருக்கும், ரிப்போர்ட் நகலைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு மாத்திரை. அடங்காவிட்டால் சிறிய ஆபரேஷன். ஜெசிகா முதலில் கேட்டதே, நான் நூடுல்ஸ் சாப்பிட்டதால் வந்ததா என்றுதான். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா. நடக்கிறதையும் சாப்பிடுறதையும் விடாதே, அதனாலதான் மத்த வலி குறைஞ்சிருக்கு. ஆனா இந்தக் கட்டி நூடுல்ஸால வந்ததில்ல. இதுல உன் தப்பு எதுவுமே இல்ல" என்றார். பிள்ளை அங்கேயே அழுதுவிட்டாள். வரும் வழியில் பசிக்கிறது என்று தானாகவே கேட்டு, தோசை சாப்பிட்டாள். லிண்டாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதை என்னிடம் விட்டுவிடு.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். இது சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் வருவதுண்டாம். அம்மாவுக்கு இப்படி வலி இருந்ததா என்றார். ஜெசிகா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில், சில நாட்களில் நீ சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருப்பாய். தலைவலி என்பாய். நானும் தைலத்தை எடுத்துக் கொடுப்பேன். நீ அதை வாங்கி நெற்றியில் தேய்த்துக்கொள்வாய்.

அது தலைவலிதானா, ஃப்ளோரன்ஸ்?

டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும், உண்மைதான். ஆனால் டாக்டருக்காக மட்டும் கேட்கவில்லை. இப்போதும் வலிக்கிறதா? அங்கே இத்தனை பேருக்கு நீ ஊசி போடுகிறாய், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாய். உன்னை யாராவது பார்த்தார்களா? நிதானமாக எழுது. எனக்கு எழுதக் கூச்சமாக இருந்தால் ஜெசிகாவுக்கு எழுது, அவள் எனக்குச் சொல்லித் தருவாள். முடிந்தால் ஈஸ்டர் பாஸ்காவுக்கு லீவு கேட்டு வந்துவிடு. மூன்று பேரும் சேர்ந்தே டாக்டரிடம் போவோம்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். வலித்தால் வலிக்கிறது என்று சொல், ஃப்ளோரன்ஸ்.

என்றும் உன்,
லூயிஸ்