பன்னிரண்டாவது டிராயர்

மார்ச் 3
கடைக்கு வந்த ஒரு அம்மா என் பல்செட் எப்படி என்று கேட்டாள். கழற்றிக் காட்டினேன். மருந்தை வாங்காமல் போய்விட்டாள். மருமகள் முறைத்தாள். மருந்துப் படிப்புப் படித்தவள், கடையை அவள்தான் நடத்துகிறாள். "ஒரு நாளாவது வீட்ல இருங்களேன் மாமா." என் அப்பா திறந்த கடை. நான் எங்கே போவேன்?

மார்ச் 5
நகராட்சி சர்வேயர் வந்து சுவரில் சிவப்புக் கோடு போட்டார். தெருவை அகலப்படுத்த முன்பாதியை இடிக்க வேண்டுமாம். எண்பது வருஷக் கடை என்று இருபதாம் தேதிக்குள் அத்தாட்சி காட்டினால் விட்டுவிடுவார்களாம். எண்பத்து மூன்று ஆகிறது, சார். "பழைய லைசென்ஸ் எங்க?" வீட்டில் வெள்ளம் புகுந்தபோது போனது. "தண்ணிகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 8
தூக்கம் இல்லை. அப்பா ஞாபகம்.
ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டரோடு சண்டை போட்டு வெளியே வந்து கடை வைத்தார். எதைக் கலக்கினாலும் வந்தவர் கண்முன்னே ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொள்வார். "நான் நிக்கறேன்ல? குடி." நாள் முழுக்க இதே வேலை. ராத்திரி சோறு கசக்கும். திட்டு அம்மாவுக்கு.
திறப்பு விழாவுக்கு ரோஸ் கலரில் நோட்டீஸ் அடித்தாராம். அன்றைக்கென்று அடைமழை. ஒரு ஆளும் வரவில்லை. மீந்த நோட்டீஸையெல்லாம் கடை மேசையின் பன்னிரண்டு டிராயரிலும் அடியில் விரித்துவிட்டார். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அதில்தான். தேதி, கதவு எண், எல்லாம் அச்சில் இருக்கும் —
மருமகளிடம் ஓடினேன். "அந்தப் பேப்பரா? போன வருஷம் சுத்தம் பண்றப்பவே எரிச்சுட்டேனே மாமா." சொல்லும்போதே அவள் முகம் செத்துப்போனது.

மார்ச் 9
எரித்தது பதினொரு டிராயர் பேப்பர். பன்னிரண்டாவதுதான் திறக்கவே வராதே!

மார்ச் 11
மகனிடம் அதை உடைக்கச் சொன்னேன். "தாத்தா மூடி வெச்சத நான் தொடமாட்டேன்." தினமும் அதற்குத் தனித் துணி போட்டுத் துடைக்கிறவன் அவன். உள்ளே தாத்தாவின் ரகசிய மருந்து இருக்கிறது, திறந்தால் கடை படுத்துவிடும் என்று அவனுக்குச் சொன்ன நாய் யார்? நான்தான்.
உண்மையை எழுதக் கை கூசுகிறது. அப்போது எனக்கு ஏழு வயசு. இருமல் சிரப்பைத் திருட்டுத்தனமாய்க் குடித்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. மூடாத பாட்டிலை டிராயருக்குள் போட்டுத் தள்ளிவிட்டேன். மறுநாள் இழுத்தால் வரவில்லை. "மழைக்கு மரம் ஊதிப்போச்சு" என்றார் அப்பா. "ஆமாப்பா" என்றேன்.
எழுபது வருஷத்து ஆமாப்பா.
சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் கடை போகும்.

மார்ச் 13
சொல்லிட்டேன்.
மகன் கையில் துணியோடு அப்படியே நின்றான். "அப்ப நான் இத்தன வருஷமா தொடச்சது?" "நல்லாத்தான்டா தொடச்சே" என்றேன். மருமகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவனுக்குத்தான் சிரிக்க அரை மணி ஆனது.

மார்ச் 14
தச்சர் உளியை எடுத்தார். மருமகள் தடுத்தாள். "சக்கரைதானே மாமா? கரையும்." வெந்நீரை ஊசியில் உறிஞ்சி இடுக்கு இடுக்காகப் பீய்ச்சினாள். டிராயருக்கு ஊசி போட்டு இன்றுதான் பார்த்தேன். நாலு மணிக்கு 'டக்' என்றது.
என் பாட்டில் படுத்திருந்தது. சுற்றிலும் எறும்புப் பிணங்கள். மேல் காகிதம் சிரப்பில் ஊறிக் கல்லாகியிருந்தது. அதற்கு அடியில் — ரோஸ்! தேதி, கதவு எண் 14, அப்பா பெயர். கடைசி வரி: 'எந்த மருந்தையும் முதலில் நானே குடித்துக் காட்டுவேன்.'
மகன் சத்தமாகப் படித்தான். எனக்கு மூக்கு ஒழுகியது.

மார்ச் 18
சர்வேயர் நோட்டீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "இருமல் மருந்து வாசன அடிக்குதே?" "அதான் சார் அத்தாட்சி" என்றேன். இன்று சிரித்தார். சிவப்புக் கோட்டை அவர் கையாலேயே அழித்தார்.

ஜூன் 2
புதுத் தெரு நேராக வந்து, எங்கள் வாசலில் மட்டும் மரியாதையாக வளைந்து போகிறது. 'ஊரின் மூத்த மருந்துக்கடை' என்று பித்தளைப் பலகை. அதை இப்போது மகன் துடைக்கிறான்.
தார் புழுதியில் எனக்கு இருமல். மருமகள் சிரப்பை எடுத்தாள், ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டாள். "நான் நிக்கறேன்ல? குடிங்க மாமா."
குடித்தேன். பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.