மிஷினுக்கு அடியில ஒரு பாட்டு

மார்ச் 3

உங்களுக்கு,

கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நல்லா இருக்கேன். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா? இதுகூட தனிக் கவர் ஒண்ணு ஒட்டி அனுப்பியிருக்கேன். உள்ள உங்களுக்கு ஒரு பாட்டு இருக்கு. சீக்கிரம் பிரிச்சுப் பாருங்க.

உங்க வீட்டுக்காரி

மார்ச் 20

அடியே பாட்டுக்காரி,

சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. நான் வைக்கிற குழம்பைப் பூனை மோந்து பாத்துட்டு என்னைப் பாத்துச்சு பாரு ஒரு பார்வை, அப்படியே உன் பார்வை!

நாப்பது வருசமா உன்கிட்ட தினம் பாட்டு வாங்கினவன் நான். காப்பி ஆறினா பாட்டு, செருப்பு இடம் மாறினா பாட்டு. இப்ப தபால்ல வேறயா? திட்டு கேக்க ஸ்டாம்பு ஒட்டின கவர் எதுக்குடி? நான் பிரிக்கலையே! சாவி வெட்டுற மிஷின் ஒரு கால் குட்டையில்ல, கடகடன்னு ஆடிட்டே இருந்துச்சு. உன் கவரை நாலா மடிச்சுக் கீழ சொருகினேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது. உன் பாட்டுக்கு அவ்வளவு கனம்!

நீ கவிதை எழுதி வச்ச நோட்டைக் கடையில வாசிச்சேன், நாலு பேரு சிரிச்சாங்க. அதுக்கா இவ்வளவு கோவம்? எதிர்க்கடை டெய்லர்கூட, "கவிதாயினி எப்ப வருவாங்க?"ன்னு கேக்குறார்.

இப்படிக்கு,
நாலாங்கிளாஸ் பூட்டுக்காரன்

மார்ச் 24

உங்களுக்கு,

உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். பிரிக்கவே இல்லையா?

அது திட்டு இல்லைங்க. கவிதை. கவிதைன்னு எழுதினா மறுபடியும் கடையில வாசிச்சுச் சிரிப்பீங்களேன்னு பயந்துதான் பாட்டுன்னு எழுதினேன்.

பன்னண்டாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு அதுல எழுதியிருந்தேன். காலைல எட்டு மணிக்கு வந்து இறங்கினேன். தண்ணிக் குழாய் பக்கத்துப் பெஞ்சுல கடைசி பஸ் வரைக்கும் உக்காந்திருந்தேன். நம்ம வீடு பத்து நிமிச நடைதான். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது? இத்தனை வருசம் குடித்தனம் பண்ணினவரு மனசு இரங்கி ஒரு எட்டு வரலையேன்னு திரும்பிட்டேன். அந்த நேரம் அது மிஷினுக்கு அடியில கிடந்திருக்கு.

இனிமே எழுத எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 27

என் வீட்டுக்காரிக்கு,

லெட்டரைப் படிச்சதும் கையில இருந்த சாவியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். டெய்லரைக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் மிஷினைத் தூக்கிக் கவரை எடுத்தோம். இப்ப மிஷினும் ஆடுது, நானும் ஆடுறேன்.

எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.

"ஊர்ப் பூட்டெல்லாம் திறக்கிறவரே
என் வாயை ஏன் பூட்டினீங்க?
பன்னண்டாம் தேதி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்"

இதுக்கப்புறம் ஒரு வரி இருக்கு. எண்ணெய் இறங்கி ஒரே கறுப்பு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், டெய்லர் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் தெரியலை.

"கவிதைன்னா என்னய்யா?"ன்னு டெய்லரைக் கேட்டேன். "அளவெடுத்துப் பேசுறதுய்யா. நீ வாயைத் திறந்தா துணிதான் வீணாகுது"ன்னார். சிரிப்பார்னு பாத்தேன், சிரிக்கலை.

அந்தப் பன்னண்டாம் தேதி நான் கடையிலதான் இருந்தேன். யாரோ ஒருத்தன் பொட்டிக்குச் சாவி போட்டுக்கிட்டு, உன்னை வச்சு ஜோக்கு அடிச்சுக்கிட்டு. நீ பத்து நிமிச தூரத்துல.

அடுத்த மாசம் அஞ்சாம் தேதி காலைல எட்டு மணிக்கு அதே பெஞ்சுல நான் உக்காந்திருப்பேன். கடைசி பஸ் வரைக்கும். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். அந்தக் கடைசி வரி என்னன்னு மட்டும் சொல்லிடும்மா.

இப்படிக்கு,
பூட்டுக்காரன்

மார்ச் 30

கடைசி வரி:

"சிரிக்காம வாங்க."

பாட்டுக்காரி